கைப்பேசித் திரைக்குப் பின்னால் இருக்கும் மூலதனம்

(மும்பை அணுசக்தி நகர் வட்டாரத் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 ஏப்ரல் 16ஆம் தேதி இரவு, பால்கர் மாவட்டம் கடச்சிஞ்சலே கிராமத்தில் மூன்று பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். இருவர் சாதுக்கள்; மூன்றாமவர் அவர்களுடைய வாகன ஓட்டுநர். மும்பையின் காந்திவலியிலிருந்து சூரத்தில் நடக்கவிருந்த ஓர் இறுதிச் சடங்குக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள். பொதுமுடக்கக் காலமாதலால் நெடுஞ்சாலையைத் தவிர்த்து உட்புறச் சாலை வழியே சென்றனர். அந்தப் பகுதியில் பல நாட்களாகவே வாட்ஸ்ஆப் வழியாக ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது: பிள்ளை பிடிப்பவர்கள் இரவில் வருகிறார்கள், சிறுநீரகத்தைத் திருடுகிறார்கள் என்று. நிவாரணப் பணிக்குச் சென்ற ஒரு மருத்துவரின் வாகனம்கூட அதற்கு முன்பே தாக்கப்பட்டிருந்தது. ஊர் மக்கள் இரவுக் காவல் இருந்தனர். அந்நிய வாகனம் வந்தது. காவல்துறையினர் கண்ணெதிரிலேயே கொலை நடந்தது.

இது முதல் வதந்தியின் விளைவு. இரண்டாவது வதந்தி கொலைக்குப் பிறகு பிறந்தது. கொன்றவர்கள் முஸ்லிம்கள் என்றது அது. அது எடுபடாதபோது கிறித்துவ மதபோதகர்கள் என்றது. தகானு தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர் என்பதால் கம்யூனிஸ்டுகள் என்றது. கோதாவரி பருலேகர் தலைமையில் வார்லி ஆதிவாசிகள் 1945இல் நிலப்பிரபுக்களுக்கு எதிராக எழுந்த மண் அது. அந்த மண்ணின் ஆதிவாசிகளைக் கொலைகாரர்களாகவும் செங்கொடியைக் கொலைக்குத் தூண்டியதாகவும் சித்தரிப்பது சிலருக்கு அரசியல் தேவையாக இருந்தது. மகாராஷ்டிராவின் அன்றைய உள்துறை அமைச்சர் அனில் தேஷ்முக், கைதானவர்கள் 101 பேரின் பெயர்ப் பட்டியலையே வெளியிட்டு, அதில் ஒருவர்கூட முஸ்லிம் இல்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. கொலை செய்தவர்களை மதவாரியாகப் பட்டியலிட்டு அமைதியைக் காக்க வேண்டிய நிலைக்கு ஒரு மாநில அரசு தள்ளப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் வதந்தியை எவரும் திட்டமிட்டுப் பரப்பியிருக்க வேண்டியதில்லை. அச்சம் அதைப் பரப்பியது. இரண்டாவதைத் திட்டமிட்டே பரப்பினார்கள். ஆனால் இரண்டும் பயணித்தது ஒரே பாதையில். அந்தப் பாதை யாருக்குச் சொந்தமானது என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதங்களில் எழவே இல்லை.

வதந்தி புதிதல்ல. மும்பைத் தமிழர்களுக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1960களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை அச்சிட்டது. அந்தப் பட்டியல்களின் மேல்தான் 1966இல் சிவசேனை எழுப்பப்பட்டது. அதன் அடுத்த இலக்கு சிவப்பு தொழிற்சங்கங்கள். 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். ஆலை முதலாளிகளுக்கு அந்த வெறுப்பு எவ்வளவு பயன்பட்டது என்பது கிரண்காவ் பகுதியின் பழைய தொழிலாளர்கள் அறிந்த கதை.

ஆனால் 'மார்மிக்' இதழுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். அச்சகம் இருந்தது. வெளியிட்டவர் பெயர் இருந்தது. 1867ஆம் ஆண்டின் பத்திரிகைகள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், ஒவ்வொரு பத்திரிகையும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைத் தாங்கியிருக்க வேண்டும் என்றது. வெள்ளைக்கார அரசு அதைப் பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான் கொண்டுவந்தது. தேசியவாதிகள் மீதும் கம்யூனிஸ்டுகள் மீதும் அச்சட்டங்கள் ஏவப்பட்டன. 2023இல் அந்த இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. எனினும் சில ஆயிரம் பிரதிகள் விற்கும் ஒரு கட்சி வார இதழ்கூட இன்றுவரை கடைசிப் பக்கத்தில் வெளியிடுபவரின் பெயரையும் முகவரியையும் அச்சிடுகிறது. கோடிக்கணக்கான இந்திய வீடுகளுக்குள் ஒவ்வொரு மணி நேரமும் நுழையும் ஒரு நிறுவனத்துக்கு அந்தக் கடமை இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79ஆவது பிரிவில், அதற்கு "இடைத்தரகர்" என்று பெயர் வைத்துப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. தபால்காரர் கடிதத்துக்குப் பொறுப்பல்ல என்பதே அதன் தர்க்கம்.

தபால்காரர் எந்தக் கடிதத்தை முதலில் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது, எதைப் பத்து வீட்டுக்கு நகலெடுத்துக் கொடுப்பது என்று தீர்மானிப்பதில்லை. ஃபேஸ்புக்கும் யூடியூபும் தீர்மானிக்கின்றன. அங்கேதான் அந்த உவமை உடைகிறது.

வருவாய் எங்கிருந்து வருகிறது?

2024ஆம் ஆண்டில் மெட்டா நிறுவனத்தின் மொத்த வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல், விளம்பரத்திலிருந்து வந்தது. பயன்படுத்துகிறவர் ஒரு காசும் கொடுப்பதில்லை என்பதால் அது இலவசம் என்று தோன்றுகிறது. உண்மையில் அவருடைய நேரமும் கவனமும், அவரைப் பற்றிய தகவல்களும் விளம்பரதாரருக்கு விற்கப்படுகின்றன. ஒருவர் திரையில் எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அவ்வளவு சரக்கு. ஆகவே எது அவரைத் திரையில் நிறுத்தி வைக்கிறதோ அது மேலே கொண்டுவரப்படும். கோபமும் அச்சமும் மனிதரை நிறுத்தி வைக்கும். ரேஷன் கடை பற்றிய செய்தி நிறுத்தி வைக்காது. எந்த மேலாளரும் "வெறுப்பைப் பரப்பு" என்று ஆணையிட வேண்டியதில்லை. இலாபக் கணக்கே அந்த ஆணையைப் பிறப்பிக்கிறது.

இது இடதுசாரிகளின் ஊகம் அல்ல. அந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், கேரளத்தில் வசிக்கும் பயனர் என்ற பெயரில் ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கினார். எதையும் தேடவில்லை. தளம் தானாகப் பரிந்துரைத்த பக்கங்களையும் குழுக்களையும் மட்டும் பின்தொடர்ந்தார். மூன்று வாரங்களில் அந்தக் கணக்கு வெறுப்புப் பேச்சாலும் பொய்ச் செய்திகளாலும் பிணங்களின் படங்களாலும் நிரம்பி வழிந்தது. புல்வாமா தாக்குதலும் அதற்குப் பிந்தைய போர் வெறியும் நிலவிய நாட்கள் அவை. வாழ்நாள் முழுவதும் பார்த்ததைவிட அதிகமான பிணப் படங்களை அந்த மூன்று வாரங்களில் பார்த்ததாக ஆய்வாளர் பதிவு செய்தார். அதே ஆவணங்களின்படி, பொய்த் தகவல்களை அடையாளம் காணும் பணிக்கென ஒதுக்கப்பட்டதில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு. மீதி 13 சதவீதம்தான் உலகின் மற்ற எல்லா நாடுகளுக்கும். இந்தியாவில் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஐந்துக்கு மட்டுமே தானியங்கிக் கண்காணிப்பு பழக்கப்பட்டிருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. சந்தை இங்கே, பாதுகாப்புச் செலவு அங்கே. காலனியப் பொருளாதாரத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான்.

விளைவு பால்கரோடு தொடங்கவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி துலே மாவட்டம் ராயின்பாடாவில், வாரச் சந்தைக்கு வந்த நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஊராட்சி அலுவலக அறைக்குள் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் பரவிய காட்சிகளில் ஒன்று பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்டது. குழந்தைகளைப் பாதுகாக்கும்படி பெற்றோரை எச்சரிப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் தயாரித்த விழிப்புணர்வுப் படம். குழந்தை திருப்பி ஒப்படைக்கப்படும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுச் சுற்றுக்கு விட்டிருந்தனர். கொலைகள் பெருகிய பின்னரே வாட்ஸ்ஆப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பிட்டது. பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமும் வெளியிட்டது. தன் சேதத்தைச் சரிசெய்ய அது அச்சுப் பத்திரிகையைத்தான் நாட வேண்டியிருந்தது!

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் நடந்ததும் நினைவில் இருக்கும். பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைகளின் காட்சிகள் அவை. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பதறினர். பலர் ஊர் திரும்பினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் செய்தி பொய் என்று உறுதி செய்தது. புலம்பெயர்ந்த தொழிலாளிக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் இடையே பகை மூட்டுவதால் கூலி குறையுமே தவிர, இருவரில் எவருக்கும் ஒரு ரூபாயும் கூடாது. 'மார்மிக்' பட்டியலில் பெயர் வந்த தலைமுறையின் பிள்ளைகள், இப்போது தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிக்கு எதிராக வரும் கேலிப் படங்களை யோசிக்காமல் மேலனுப்புவதை எப்படி விளக்குவது?

முன்வாசலும் பின்வாசலும்

இந்நிறுவனங்களை எதிர்க்கவே முடியாது என்ற சோர்வு தோழர்களிடையேயும் காணப்படுகிறது. அது சரியன்று. 2015இல் ஃபேஸ்புக் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற திட்டத்தோடு வந்தது. ஏழைகளுக்கு இலவச இணையம் என்றது. தான் தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டுமே அதில் திறக்கும். நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பில் இலட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கடிதம் அனுப்பினர். 2016 பிப்ரவரி 8ஆம் தேதி ஆணையம் பாகுபாடான தரவுக் கட்டணங்களைத் தடை செய்தது. திட்டம் திரும்பப் பெறப்பட்டது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றை இந்திய மக்கள் தோற்கடித்தனர்.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ இலவசத் தரவோடு சந்தையில் இறங்கியது. சிறு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பொதுத்துறையான பிஎஸ்என்எல் 4ஜி சேவைக்குப் பல ஆண்டுகள் காக்க வைக்கப்பட்டது. 2020 ஏப்ரலில், நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. மூன்று மாதங்களில் கூகுளும் 33,737 கோடியோடு வந்தது. முன்வாசலில் விரட்டப்பட்ட ஏகபோகம் அம்பானியின் கைப்பிடித்துப் பின்வாசலில் நுழைந்தது. கடச்சிஞ்சலேயில் மூன்று உயிர்கள் போன அதே மாதத்தில்தான் இந்த ஒப்பந்தமும் அறிவிக்கப்பட்டது. தற்செயல்தான்.

அரசு கட்டுப்படுத்தட்டும் என்று எளிதில் சொல்லிவிடலாமா? இங்கே பால்கர் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. 2012 நவம்பரில், பால் தாக்கரேயின் மறைவையொட்டி மும்பை முழுவதும் அடைக்கப்பட்டபோது, பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண், இந்த அடைப்பு ஏன் என்று ஃபேஸ்புக்கில் கேட்டார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். பதிவிட்டவரின் உறவினரான மருத்துவர் ஒருவரின் மருத்துவமனை அடித்து நொறுக்கப்பட்டது. அந்தக் கைதுதான் ஸ்ரேயா சிங்கால் வழக்குக்கு வழிவகுத்தது. 2015 மார்ச் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. ஒரே பால்கரில், கேள்வி கேட்டவர் எட்டாண்டுகளுக்கு முன்பு கைதானார். வெறுப்பு வதந்தியால் இலாபம் பார்த்த நிறுவனம் எட்டாண்டுகளுக்குப் பின்பும் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை.

2023இல் ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று தானே தீர்ப்பளிக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை விதிகளில் சேர்த்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதியின் கருத்தோடு 2024 செப்டம்பரில் அது ரத்தானது. வழக்குத் தொடுத்தவர் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. ஆகவே கட்சி கோருவது அரசின் கையில் இன்னொரு தடியை அல்ல. எந்தப் பதிவை ஏன் உயர்த்திக் காட்டுகிறது என்பதை நிறுவனம் வெளிப்படுத்த வேண்டும்; ஒவ்வோர் இந்திய மொழியிலும் போதிய பணியாளர்களை உரிய ஊதியத்தோடு நியமிக்க வேண்டும்; உயர்த்திக் காட்டியதால் விளைந்த சேதத்துக்கு "இடைத்தரகர்" என்ற போர்வை செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். தனிமனிதரின் பேச்சுக்குச் சிறை வேண்டாம். மூலதனத்தின் பரப்புரைக்குப் பொறுப்பு வேண்டும்.

சீதா கேம்ப்பிலிருந்து பார்த்தால்

அணுசக்தி நகரின் குடியிருப்பு வாயிலுக்கு உள்ளே நாட்டின் தேர்ந்த விஞ்ஞானிகள் வாழ்கிறார்கள். சற்றுத் தொலைவில் சீதா கேம்ப். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அணுசக்தி நிறுவனத்தின் தேவைக்கென ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்து கொண்டுவந்து சதுப்பு நிலத்தில் விடப்பட்ட மக்களின் ஊர் அது. அவர்களில் கணிசமானோர் தமிழர்கள். இரு பக்கத்துக்கும் ஒரே வாட்ஸ்ஆப்தான். படிப்பு வதந்திக்குத் தடுப்பூசி என்ற நம்பிக்கை தவறு. சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. காணொளி அழைப்பில் காவல் உடையணிந்து வரும் கும்பலிடம் "டிஜிட்டல் கைது" என்ற இல்லாத சட்டத்துக்கு அஞ்சி ஆயுள் சேமிப்பை இழந்தவர்களில் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளும் மருத்துவர்களும் உண்டு.

ஆனால் சுமை சமமாக விழுவதில்லை. கடன் செயலிகளைப் பார்த்தால் அது புரியும். ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் ஆராய்ந்தபோது, இந்தியாவில் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ ஐயாயிரம் ரூபாய் தேவைப்படும் வீட்டுப் பணியாளரிடம் வங்கி நூறு காகிதம் கேட்கும். செயலி ஐந்து நிமிடத்தில் பணம் போடும். கையில் வருவது மூவாயிரத்துச் சொச்சம்; மீதி "செயலாக்கக் கட்டணம்". ஏழு நாளில் முழுத் தொகையும் திருப்ப வேண்டும். தமிழ்நாட்டின் கந்துவட்டிக்காரர் ரேஷன் அட்டையையும் வங்கி அட்டையையும் அடமானமாக வாங்கி வைப்பார். செயலி வாங்கி வைப்பது கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும். தவணை தவறினால் உறவினர், முதலாளி, மகளின் ஆசிரியர் என எல்லோருக்கும் திரிக்கப்பட்ட ஆபாசப் படம் போகும். மானம்தான் அங்கே அடமானம். மும்பையிலும் பிற நகரங்களிலும் இந்த அவமானம் தாங்காமல் உயிர் மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் அணுகவே கூடாது என்றன. பதிவு செய்த நிறுவனங்களுக்கு அது பொருந்தும். பதிவே இல்லாதவனை யார் பிடிப்பது?

பெண்கள் மீதான வன்முறையை மட்டும் தனியாகப் பேச ஒரு வகுப்பே தேவை. 2022 புத்தாண்டு நாளில் 'புல்லி பாய்' என்ற செயலியில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்கள் "ஏலத்துக்கு" வைக்கப்பட்டன. பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், குரல் கொடுத்த பெண்கள். மும்பை சைபர் காவல்துறை கைது செய்தவர்களில் இருவர் 21, 18 வயதே ஆனவர்கள். படிக்கும் வயது. வேலையின்மை பெருகும் நாட்டில் இளைஞரின் விரக்தியை யார் எந்தத் திசையில் திருப்புகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

மாலை நேரத்தில் மாதுங்கா, செம்பூர் உணவகங்களின் வாசலில் முதுகுப் பையோடு காத்திருக்கும் இளைஞர்களுக்கு இதே தளங்கள் முதலாளி. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட மதிப்பீடு, 2020-21இல் 77 இலட்சமாக இருந்த இத்தொழிலாளர்கள் 2029-30இல் 2.35 கோடியாவார்கள் என்றது. துண்டுக் கூலி பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ், அந்தக் கூலி முறையே தொழிலாளியை விரட்டுவதால் மேற்பார்வையாளர் பெருமளவு தேவையற்றவராகிறார் என்று விளக்கினார். இங்கே துண்டுக் கூலியும் உண்டு, நொடி தவறாத மேற்பார்வையும் உண்டு. வாடிக்கையாளர் தரும் நட்சத்திரம் குறைந்தால் ஐடி முடங்கும். விசாரணை இல்லை, கேட்க ஒரு மனித முகம்கூட இல்லை. அவரைத் "தொழிலாளி" என்று அழைப்பதே இல்லை, "பங்காளி" என்கிறார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் நிறுவனங்களிடம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நிதி கேட்கிறதே அன்றி, தொழிலாளி என்ற தகுதியைக் கொடுக்கவில்லை. ஆயினும் 2025 டிசம்பர் இறுதியில், ஆண்டின் மிகப் பரபரப்பான நாட்களில், பல நகரங்களில் அவர்கள் செயலியை அணைத்து வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதமே ஒன்றியத் தொழிலாளர் துறை தலையிட, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிட வாக்குறுதியை நீக்கியது. விளம்பர வாசகம் மாறியதால் வேகம் குறைந்துவிடாது. ஆனால் ஒருவரையொருவர் பார்த்திராத தொழிலாளர்கள் ஒன்றுசேர முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியதும் வாட்ஸ்ஆப் குழுக்களைத்தான்.

கிளைகள் செய்ய வேண்டியது இங்கிருந்து தொடங்குகிறது. கட்சியின் வாட்ஸ்ஆப் குழுக்களிலேயே தேதியில்லாத, மூலம் தெரியாத பதிவுகள் வலம் வருகின்றன; எதிரியைத் தாக்குகிறது என்பதற்காகப் பொய் உண்மையாகிவிடாது. குழுவில் துண்டறிக்கையைப் போட்டுவிட்டு வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்ட கிளைகளும் இருக்கின்றன. கடன் செயலியிடம் சிக்கிய பெண், குழுவில் எழுதமாட்டார். வாசலில் வந்து உட்காரும் மாதர் சங்கத் தோழரிடம்தான் சொல்வார். சொன்னபின் அவரைத் தனியே காவல் நிலையத்துக்கு அனுப்பக் கூடாது. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைப்பது, 1930 என்ற உதவி எண்ணில் உடனே பதிவது, உறவினர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுவது, அழைப்புகளுக்கு அஞ்சி மேலும் பணம் கட்டாதிருப்பது ஆகிய நான்கையும் கிளைத் தோழர் ஒருவர் கூட இருந்து செய்து முடிக்க வேண்டும். ஐடி முடக்கப்பட்ட விநியோகத் தொழிலாளர்களின் பட்டியலைத் தொழிற்சங்கம் பகுதி வாரியாகத் தொகுத்து, தொழிலாளர் ஆணையரிடம் கூட்டு மனுவாகக் கொண்டுபோக வேண்டும். மான்குர்த் ரயில் நிலைய வாயிலில் விநியோகிக்கும் முதல் துண்டறிக்கை கடன் செயலிகளைப் பற்றியதாக இருக்கட்டும்: தமிழ், மராத்தி, இந்தி, உருது நான்கிலும், கீழே வெளியிடுபவரின் பெயரோடும் கிளை அலுவலகத்தின் முகவரியோடும்.